உலக மாற்றுச் சாவி நாள்

பலகையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ‘மாற்றுச் சாவி நாள்’ என்று கொட்டை எழுத்து. கீழே தேதி. அதற்கும் கீழே ஒரு சாவி இன்னொரு சாவியின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற படம். தலைப்புக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த ‘உலக’ என்ற சொல்தான் சாவி வெட்டுகிற மாஸ்டருக்கு இடித்தது.

“உலகத்துக்கு யாரு மாப்ளே சொன்னா?”

“நாமதான் மாமா சொல்றோம். போர்டு வச்சிட்டா சொன்ன மாதிரிதானே.”

மாப்ளே என்று அழைக்கப்பட்டவன் மாஸ்டருடைய மனைவியின் தம்பி. பலகை அச்சடிக்கிற கடையில் வேலை. அந்தக் கடையிலிருந்து வெளியே போகும் பலகைகளில் பாதியில் ‘உலகத் தரம்’ இருக்கும், மீதியில் ‘உலகப் புகழ்’ இருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் ஒரு பக்கம் வெறிச்சென்று தெரியும் என்றான். வெறிச்சென்று இருப்பதற்குக் கடை ஒன்றே போதும், பலகையும் வேண்டாம் என்று மாஸ்டர் விட்டுவிட்டார்.

கடை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. எட்டடிக்கு நாலடி. எழுந்து நின்றால் ஒன்பதாவது படி மண்டையில் இடிக்கும் என்பதால் பத்தொன்பது வருஷமாக மாஸ்டர் உட்கார்ந்தே தொழில் செய்தார். சாவி வெட்டுகிற மெஷின் ஒன்று, அரம் எட்டு, சுவர் நிறைய இன்னும் பல் வெட்டாத மொட்டைச் சாவிகள். தலைக்கு மேலே நாள் முழுக்க யாராவது ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

தொழிலில் மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. அவரைப்போலச் சாவி வெட்ட ஆளில்லை. இதை அவரே சொல்வார், என்றாலும் உண்மை. ஒரு சாவியை ஒரு தடவை பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் என்பார். ஆட்களை மறந்துவிடுவார். பத்து வருஷ வாடிக்கைக்காரர் வந்து சிரித்தால் யாரோ என்று விழிப்பார். அவர் சாவியை நீட்டினால் போதும், “மூணாவது மாடி, பச்சைக் கதவு, மழை நாள்ல இறுக்கும்” என்று ஜாதகம் சொல்லிவிடுவார்.

தொல்லை, படிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே எண் பூட்டுக் கடை வந்து ஒரு வருஷம் ஆகிறது. நான்கு எண்ணை அழுத்தினால் கதவு ஒரு ராகம் பாடிவிட்டுத் திறக்கும். சாவியே கிடையாது. வியாபாரம் பெருத்துவிட்டதால், மாதிரிக்கு இரண்டு கதவுகளை நிறுத்திவைக்கப் படிக்கட்டின் அடியிடமும் தனக்கு வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் கேட்டிருந்தார். கட்டடத்தின் சொந்தக்காரர் நேராகவே மாஸ்டரிடம் வந்தார்.

“நான் கெட்டவன் இல்ல மாஸ்டர். ஆனா உங்க கடையில ஆள் நின்னு நான் பார்த்ததே இல்ல. சாவிக்கு இன்னும் மதிப்பு இருக்குன்னு காட்டுங்க, அடுத்த அஞ்சு வருஷத்துக்கும் உங்களுக்கே எழுதித் தர்றேன். இல்லன்னா மாசக் கடைசியில அவருக்குக் கொடுத்திடுவேன்.”

மாஸ்டர் இரண்டு நாள் அரத்தைத் தொடாமல் யோசித்தார். அம்மாவுக்கு ஒரு நாள் இருக்கிறது, அப்பாவுக்கு இருக்கிறது, கை கழுவுவதற்குக்கூட ஒரு நாள் இருக்கிறது. சாவிக்கு இல்லை. இது சாவி வெட்டுகிறவர்களின் சோம்பேறித்தனம் என்ற முடிவுக்கு வந்தார். மூன்றாம் நாள் காலை ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கொண்டாட்ட நாளாக அறிவித்துவிட்டார். விதி எளிது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டுச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி வெட்டி, தாங்கள் ரொம்ப நம்புகிற ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். ‘நம்புகிறவர் கையில் நம் வீடு’ என்று வாழ்த்து வாசகம்கூடத் தயார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

“நல்லாத்தான் இருக்குங்க. ‘ஒருத்தர்’னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் வம்புன்னு தோணுது.”

“நம்பிக்கைன்னா ஒருத்தர்தான்.”

“சரி. அப்போ நம்ம வீட்டுச் சாவி யாருக்கு?”

மாஸ்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கம் அவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், தம்பி வீட்டு விஷயம் எதுவானாலும் முதலில் தன் காதில் விழ வேண்டும் என்று நினைப்பவர். இன்னொரு பக்கம் மைத்துனன். காசு வாங்காமல் பலகை அடித்துக் கொடுத்தவன். ஒருவரிடம் கொடுத்தால் மற்றவர் ஆறு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

“நம்ம வீட்டுக்கு மாற்றுச் சாவி கிடையாது” என்றார் மாஸ்டர். “அந்தப் பூட்டுக்கு உலகத்துல ஒரே சாவிதான்.”

சொன்னபிறகு அவருக்கே அது பெருமையாக இருந்தது. அந்தப் பூட்டைக் கல்யாணமான வருஷம் மூன்று மாதம் உட்கார்ந்து அவரே செய்தார். கதவைச் சாத்தினால் ‘டக்’ என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஏழு அடுக்கு வேலைப்பாடு. சாவியோ பார்ப்பதற்குப் பரம சாதாரணமாக இருக்கும். திருடன் கையில் கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அதன் சூட்சுமம். பல் ஒரு முடி அளவு பிசகினாலும் திரும்பாது. என் கையைத் தவிர வேறு எந்தக் கையாலும் அதற்குச் சாவி வெட்ட முடியாது என்று அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. அந்தச் சாவி மனைவியிடம்தான் இருக்கும். காலையில் அவர் முதலில் கிளம்பிவிடுவார், மாலையில் அவள் முதலில் வந்துவிடுவாள். அதைக் கையால் தொட்டே அவருக்குப் பல வருஷம் ஆகியிருந்தது.

மனைவி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

புதன்கிழமை, மாஸ்டர் எதிர்பார்த்ததற்கு மேலேயே விடிந்தது.

எட்டு மணிக்கே வரிசை படிக்கட்டைத் தாண்டி வாசல் வரைக்கும் போய்விட்டது. பலகை செய்த வேலை அது. ‘உலக’ என்று இருந்ததால் யாரும் சந்தேகம் கேட்கவில்லை. நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று அவரவர் வெட்கப்பட்டுக்கொண்டார்கள். ஒரு ஆபீஸ் குமாஸ்தா மாற்றுச் சாவி நாளுக்காக லீவு எழுதிக் கொடுத்திருந்தார். லீவு கொடுத்த அதிகாரியே அவருக்குப் பின்னால் நான்காவது ஆளாக நின்றார். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஆள் அனுப்பி, பிள்ளைகள் இன்றைக்கு ஏதாவது உறுதிமொழி எடுக்க வேண்டுமா என்று விசாரித்தார். வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியனுப்பினார்.

“போன வருஷம் இவ்வளவு கூட்டம் இல்லையே” என்றார் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர்.

“வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் இருக்கு” என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.

தலை நிமிர எங்கே நேரம்? நீட்டிய சாவியை வாங்கினார், வெட்டினார், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார், கொடுத்தார். வீட்டை விட்டு வர முடியாதவர்கள் யார் யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார்கள். தெருமுனை மரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் தேய்த்த துணிகளைக் கொடுக்கப் போகிற வீடுகளிலிருந்தெல்லாம் சாவிகளை வாங்கிவந்து, வரிசையில் நின்று வெட்டிக்கொண்டு போனார். கதவே இல்லாத கடை வைத்திருப்பவரைக்கூட இந்த நாள் விட்டுவைக்கவில்லை பார் என்று மாஸ்டர் உள்ளூரப் பூரித்தார். மத்தியானத்துக்கு மேல் வந்த இரண்டு மூன்று சாவிகளின் பல்வரிசையைப் பார்த்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. அப்படி ஒரு நறுவிசு. எந்த மகராசன் செய்த பூட்டோ, நம்மைப்போல இன்னும் நாலு நல்ல வேலைக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று மனதாரப் பாராட்டிவிட்டு அடுத்த சாவியை வாங்கினார்.

கட்டடக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது தடவை சிரித்தார்.

வீட்டில் அன்றைக்குப் பண்டிகைச் சாப்பாடு. மனைவி லீவு போட்டிருந்ததால் வீட்டுச் சாவி நிலைக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. அக்காவும் மைத்துனனும் வந்து சாப்பிட்டார்கள். மாஸ்டருக்குக் கடைக்கே டப்பா வந்தது. சாவி விஷயத்தில் இருவரும் உர்ரென்று இருப்பார்கள் என்று பயந்துகொண்டே மாலையில் வீட்டுக்குப் போனார். மாறாக மூன்று பேர் முகமும் மலர்ந்திருந்தது. ஒரே சாவி என்றால் ஒரே சாவிதான், அதுதான் கௌரவம் என்றார் அக்கா. ஆமாம் என்றான் மைத்துனன். பூட்டின் பெருமை ஒருவழியாகக் குடும்பத்துக்கு எட்டிவிட்டது என்று மாஸ்டர் நிம்மதியாகப் படுத்தார்.

சண்டை வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்தது.

முதலில் வந்தவள் இரண்டாவது மாடிக்காரி. அவளும் முதல் மாடிக்காரியும் பன்னிரண்டு வருஷச் சிநேகிதிகள். முதல் மாடிக்காரி தன் சாவியை மூன்றாவது மாடியில் கொடுத்துவிட்டாளாம். அவளுக்குப் பின்னால் ஒரு மாமியார் வந்தார். மருமகள் சாவியைத் தன் தாய்வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். அவருக்குப் பின்னால் ஆபீஸ் அதிகாரி. குமாஸ்தா தனக்குத்தான் சாவி கொடுப்பான் என்று நினைத்துத்தான் அவர் லீவே கொடுத்திருந்தார்.

மாஸ்டர் அசரவில்லை. சின்னப் பிசிறு, அரம் போட்டால் சரியாகிவிடும் என்றார். பலகையில் ‘ஒருவர்’ இருந்த இடத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, ‘எத்தனை பேருக்கு வேண்டுமானாலும்’ என்று எழுதவைத்தார்.

மறுபடியும் கூட்டம் வந்தது. ஒருவர் ஐந்து சாவி வெட்டினார், ஒருவர் எட்டு. இரண்டு நாளில் தெருவில் எல்லார் இடுப்பிலும் சாவிக்கொத்து குலுங்க ஆரம்பித்துவிட்டது. யாருக்கு எத்தனை வீட்டுச் சாவி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பதினாலு வந்தவர் நடையே மாறிவிட்டது. ஒன்றுகூட வராதவர்கள் மாலையில் வெளியே வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படி ஒன்றுகூட வராதவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்கு வந்தார். தன் வீட்டுச் சாவியைக் காட்டி, “பல்லை மட்டும் கொஞ்சம் மாத்தி மாத்தி ஒரு ஆறு வெட்டிக் கொடுங்க. திறக்க வேண்டாம். வெளியே போகும்போது இடுப்புல இருந்தாப் போதும்” என்றார். மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. வெட்டிக் கொடுத்தார்.

வாத்தியார் ஆறு சாவியோடு தெருவில் நடந்துவிட்டு வந்தார். அரைமணி நேரத்தில் ஆறு வீட்டில் சண்டை. நம் வீட்டுச் சாவியை வாத்தியாரிடம் கொடுத்தது நீயா என்று ஒவ்வொரு புருஷனும் பெண்டாட்டியைக் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை என்பதை யாரும் நம்பவில்லை. நிஜத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாத்தியார் மர்மமாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புகார் கட்டடக்காரர் வரைக்கும் போயிற்று. இது மாஸ்டருக்கு உறைத்தது. அன்று மாலையே மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். சாவியை யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பொதுவான ஓர் ஆளிடம் வைத்துவிடலாம். அந்த ஆள் மாஸ்டரே. உறையில் போட்டு, மேலே எண் எழுதி, கடைச் சுவரில் மாட்டிவிடுவார். யார் மனசும் நோகாது.

ஜனங்களுக்கு அப்பாடா என்று இருந்தது. கொடுத்த சாவிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டுவந்து மாஸ்டரிடம் ஒப்படைத்தார்கள். நூற்று அறுபத்து மூன்று உறைகள் சேர்ந்தன. சமாதானமான கட்டடக்காரரே நூற்று அறுபத்து நான்காவது உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்திரம் எழுதிவிடலாம் என்றார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படிக்கட்டுக்கடியில் குனிந்து உட்கார்ந்த பத்தொன்பது வருஷமும் வீண்போகவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

எண் பூட்டுக்காரர் மறுநாள் டீ குடித்துக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: “நூத்தி அறுபத்தி நாலு வீடு ஒரே செவுத்துல தொங்குது. ஷட்டர் என்னவோ முக்கால்வாசிதான் கீழே வருது.”

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முதல் ஆள் வந்துவிட்டாள். வீட்டில் ஒரு கரண்டியைக் காணவில்லையாம். மாஸ்டர்மேல் சந்தேகமே இல்லை, சும்மா கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தாளாம். சும்மா கேட்க வந்தவர்கள் மாலைக்குள் ஒன்பது பேர். ஒரு குடை, ஒரு பவுடர் டப்பா, சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள்.

மாஸ்டருக்கு இப்போதும் வழி இருந்தது. ஊரிலேயே திறக்க முடியாத பூட்டு யாருடையது? உறைகளையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி, ரிக்‌ஷாவில் ஏற்றி, எல்லார் கண்ணும் பார்க்கத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இனி ஒரு ஈ உள்ளே நுழையாது என்று தெருவில் நின்று அறிவித்தார்.

ஜனங்கள் அடங்கவில்லை. கடையில் இருந்தபோதாவது எட்டிப் பார்க்க முடிந்தது. எல்லார் வீட்டுச் சாவியும் ஒரே ஆளின் வீட்டுக்குள் போய்விட்டது என்றதும் தூக்கம் கெட்டுவிட்டது. எங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கட்டடக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

“சனிக்கிழமை பத்து மணிக்கு நானே உங்க வீட்டுக்கு வர்றேன். எல்லாரும் வருவாங்க. எல்லார் சாவியும் அவங்கவங்க கைக்குப் போகட்டும். அங்கேயே கையெழுத்துப் போட்டுடலாம். ஒரு சாவி குறைஞ்சாலும் இடம் அவருக்குத்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

“ஒண்ணும் குறையாதுங்க” என்றார் மாஸ்டர். அது சத்தியம். ஒன்றுமே குறையவில்லை.

சனிக்கிழமை காலையில் மனைவி மருந்துக் கடைக்குப் போய்விட்டுப் பத்தரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

“பத்திரம். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு” என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாஸ்டர் அதை நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு நடுவில் இழுத்துவைத்தார். மேசைமேல் பத்திரத்துக்கு இடம் ஒதுக்கி, பேனாவைத் தொட்டுப் பார்த்துவைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டார். பத்து மணிக்கு வெளியே சலசலப்புக் கேட்டது. கட்டடக்காரர் முன்னால், எண் பூட்டுக்காரர் வேடிக்கை பார்க்கப் பின்னால், நடுவில் நூறு நூற்றைம்பது பேர். மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பியபடி வாசலுக்கு வந்து நான்கு அடி முன்னால் நடந்தார்.

பின்னால் காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது.

‘டக்.’

அந்தச் சத்தத்தை மாஸ்டர் எத்தனையோ வருஷம் ரசித்திருக்கிறார். இன்றைக்கு ரசிக்க முடியவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே நின்றது.

முதலில் எல்லாரும் அதை மரியாதை என்று நினைத்தார்கள். விஷயம் புரிந்ததும் கட்டடக்காரர்தான் பேசினார். “ஊரு முழுக்க மாற்றுச் சாவி வச்சுக்கச் சொன்னீங்களே மாஸ்டர். உங்க வீட்டுது யார்கிட்ட இருக்கு?”

இதற்கு மாஸ்டரிடம் பல வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. அதை விழுங்கிவிட்டு ஆயுதப்பைக்கு ஆள் அனுப்பினார்.

கடையிலிருந்து ஆயுதப்பை வந்தது. மாஸ்டர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். வளைந்த கம்பியை விட்டார், தட்டை ஊசியை விட்டார், காதைக் கதவில் வைத்துக் கேட்டார். அரைமணி நேரத்தில் மூன்றாவது அடுக்குவரை போனார். அங்கே தாம் வைத்திருந்த கண்ணியில் தாமே மாட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும், என்ன அருமையான வேலை என்ற நினைப்பும் கூடவே வந்து தொலைத்தது. திறக்க முடிந்தால் பூட்டின் மானம் போகும். முடியாவிட்டால் கடை போகும். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“டிரில் போட்டா ரெண்டு நிமிஷம். புதுசா ஒரு எண் பூட்டு நானே மாட்டித் தர்றேன்” என்றார் எண் பூட்டுக்காரர், பரிவாக.

மாஸ்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டடக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிவரை நிற்பேன், கதவு திறந்து சாவிகள் வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் போகும் வழியில் அவரோடு பேசிக்கொள்கிறேன் என்று எண் பூட்டுக்காரரைக் காட்டினார்.

அப்போது மனைவி வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டாள். சாத்திய கதவைப் பார்த்தாள், மண்டிபோட்ட புருஷனைப் பார்த்தாள்.

“இருங்க, இஸ்திரிக்குக் கொடுத்த புடவையை வாங்கிட்டு வந்துடறேன்” என்றாள்.

மாஸ்டர் கம்பியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார். பொழைப்பே போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்குப் புடவை. அவள் மரத்தடியை நோக்கிப் பத்து எட்டு வைத்திருக்க மாட்டாள், கூட்டத்திலிருந்து மைத்துனன் விலகி, தன் சட்டை ஒன்று தேய்க்கக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே அதே பக்கம் போனான். அக்காவும் கிளம்பினார். தலையணை உறையாம்.

மூன்று பேரும் இஸ்திரி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் இஸ்திரிக்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. மனைவி வானத்தைப் பார்த்தாள். மைத்துனன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான். புடவை தேய்ச்சாச்சா என்று அக்கா மனைவியிடமே கேட்டார். இன்னும் இல்லை போலிருக்கு அண்ணி என்றாள் அவள். மூன்று பேரும் வெறுங்கையோடு திரும்பி வந்து, மூன்று மூலையில் நின்றுகொண்டார்கள்.

மணி பதினொன்றாக ஐந்து நிமிஷம். மாஸ்டர் கம்பியைக் கீழே வைத்தார். அவருக்கு வேறு வேலை தெரியாது. தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்காத இடத்தில் உட்கார்ந்து ஒரு சாவிகூட அவரால் வெட்ட முடியாது. ஆனாலும் எழுந்து, கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

“பூட்டு மேல தப்பு இல்ல. அதை அப்படித்தான் செஞ்சேன்” என்றார். “நானே தோத்துட்டேன்னா பார்த்துக்குங்க.”

கட்டடக்காரர் பத்திரத்தை மடிக்க ஆரம்பித்தார். எண் பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இஸ்திரிக்காரர் வந்தார். கரி ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, எதையோ மூடிப் பிடித்த இன்னொரு கையை மாஸ்டரிடம் நீட்டினார். மூன்று மூலையிலும் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“என்ன இது, சாவியா?” என்றார் மாஸ்டர். அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “யார் வீட்டுதோ எடுத்துட்டு வந்திருக்கீங்க. ஒரு சாவியை ஒரு தடவை பார்த்தா நான் மறக்க மாட்டேன். இந்தப் பூட்டுக்குச் சாவி வெட்ட உலகத்துல ஒரு கைதான் இருக்கு, அது என் கை.”

“தெரியும் மாஸ்டர்” என்று இஸ்திரிக்காரர் கையை விரித்தார். “அதனாலதான் உங்க வீட்டம்மாவும் அவங்க தம்பியும் உங்க அக்காவும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம, வெட்டி நீங்களே வச்சுக்குங்கன்னு உங்க வீட்டுச் சாவியை என்கிட்ட கொடுத்தப்போ, மூணு தடவையும் உங்க வரிசையிலயே வந்து நின்னு வெட்டிக்கிட்டேன்.”